நொய்யல் கரையில் எத்தனை ஆராய்ச்சி

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் ஆய்வாளர்கள் 1985இல் அங்கே அகழாய்வைத் தொடங்கினார்கள். பிற்பாடு புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையும் வந்து தோண்டின. இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த மூசைகள், பட்டை தீட்டிப் பாதியில் நின்றுபோன மணிக்கற்கள், தமிழ்-பிராமியில் பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து.

அதே ஆற்றில், அதே வட்டாரத்தில், ஒரத்துப்பாளையம் அணை நிற்கிறது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டியது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து அதில் தேங்கியது. சில வருசங்களிலேயே, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்கும்படி ஆயிற்று. அங்கேயும் ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். ஆனால் இவர்கள் கையில் இருந்தவை தண்ணீர் பிடிக்கும் பாட்டில், மண் அள்ளும் பை, உப்பை அளக்கும் மீட்டர்.

ஒரே ஆறு. ஒருவர் ஈராயிரம் வருசத்துக்கு முந்தைய பட்டறையைத் தேடுகிறார், இன்னொருவர் நேற்றைய பட்டறையின் உப்பைத் தேடுகிறார். இரண்டு பேரும் வாங்குவது ஒரே முனைவர் பட்டம்தான். ஆனால் ஊருக்குள் ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் சோதனைக் குழாயும்தான் பலருக்குக் கண்முன் வரும். கோவைப் பக்கம் ஒரு பெண் பி.எச்டி. பண்ணுகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "எந்த சப்ஜெக்ட்டுங்க?" தமிழ் என்றோ வரலாறு என்றோ பதில் வந்தால், "அதுல என்னத்தக் கண்ணு ஆராய்ச்சி பண்றது?" கேட்பவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார். அவருக்குச் சொல்லும் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, விடையைத் தேடி, அதை அடுத்தவர் சரிபார்க்கும்படி எழுதி வைப்பது ஆராய்ச்சி. இந்த அளவுக்கு எல்லாத் துறையும் ஒன்று. எதைச் சான்று என்று ஒப்புக்கொள்வது, விடைக்கு எவ்வளவு காலம் காத்திருப்பது என்பவற்றில்தான் துறைக்குத் துறை ஒரேயடியாக மாறிப்போகிறது.

ஒரத்துப்பாளையத்துத் தண்ணீரை அளந்தவரின் பலம் என்னவென்றால், அவர் சொன்னதை நம்பாதவர் நாளைக்கே போய்த் தானும் அளக்கலாம். துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு கொட்டுகிறார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு தண்ணீரோடு வெளியே வரும். சிவப்பும் நீலமுமாக ஓடும் ஆற்றைப் பார்த்து ஊர் பயந்தது நிறத்துக்கு. நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு. நிறத்தைச் சாதாரணச் சுத்திகரிப்பில் நீக்கிவிடலாம், கரைந்த உப்பை அப்படி நீக்க முடியாது. அதற்குச் சவ்வூடு பரவல் வேண்டும், மிஞ்சுவதைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். வெளியே விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக்கூடாது என்பது விதி. தெளிவாகத் தெரியும் தண்ணீரும் இந்த வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்பதைக் கண் சொல்லாது, மீட்டர் சொல்லும். கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாது என்று உறுதிப்படும் வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த நெடிய வழக்கில் இந்த மாதிரி அளவுகளுக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உப்பு எவ்வளவு என்று தெரிந்ததோடு கேள்வி முடியவில்லை. கிணறு கெட்டுப்போன தோட்டக்காரருக்கு எவ்வளவு ஈடு தருவது? அதை வேதியியல்காரரால் சொல்ல முடியாது. போன வெள்ளாமை எத்தனை, நிலத்தின் விலை எவ்வளவு இறங்கியது, குடிதண்ணீரை விலைக்கு வாங்க ஊர் எவ்வளவு செலவழித்தது என்று கணக்குப் போட வேண்டியது பொருளாதாரக்காரர். சென்னையிலிருந்து பொருளாதார ஆய்வாளர்கள் இதற்காகவே நொய்யல் ஊர்களுக்கு வந்து ஆய்வு செய்தார்கள்.

இனி கொடுமணல் பக்கம். தொல்லியல்காரரின் சங்கடம் நேர்மாறானது. குழியைத் தோண்டியதும் சான்று கலைந்துவிடுகிறது. நம்பிக்கையில்லை, இன்னொரு தடவை தோண்டிக் காட்டுங்கள் என்று கேட்க முடியாது. எனவே எந்த ஓடு எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று அன்றன்றைக்கு எழுதி, வரைந்து, படம் பிடித்து வைக்கும் பதிவேடுதான் அவருடைய ஆய்வகம். தங்கக் காசே கிடைத்தாலும் அது எந்த அடுக்கு என்று தெரியாவிட்டால் பாதி மதிப்பு போய்விடும். கரித்துண்டின் வயதைச் சொல்ல அவர் இயற்பியலிடம் போகிறார். உயிரோடு இருந்த எதிலும் கதிரியக்கக் கரிமம் கொஞ்சம் இருக்கும், அது 5,730 வருசத்துக்கு ஒருமுறை பாதியாகத் தேயும், மிச்சத்தை எண்ணினால் வயது தெரியும். மூசையில் ஒட்டியிருப்பது எஃகுதானா என்பதற்கு உலோகவியல். ஓட்டில் கீறிய பெயரைப் படிக்கத் தமிழும் பிராகிருதமும் தெரிந்தவர் வேண்டும். 'கலை' என்று நாம் ஒதுக்கி வைத்த துறைக்குள்ளேயே அறிவியல் இவ்வளவு இருக்கிறது.

காலம் என்ற விஷயத்துக்குக் கோவை லாலி ரோட்டுக்கு வர வேண்டும். வேளாண் கல்லூரி சென்னைச் சைதாப்பேட்டையிலிருந்து இங்கே வந்தது 1906இல். அது பல்கலைக்கழகமானது 1971இல். அதன் வயலில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை ஒன்று உண்டு. ஒரு பாத்திக்கு எருவே கிடையாது. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். இன்னொன்றுக்குத் தழை, மணி, சாம்பல் மூன்றும். வேறொன்றுக்குத் தொழு உரம். இதையே வருசா வருசம், எதையும் மாற்றாமல், விடாமல் செய்வதுதான் சோதனை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843இல் தொடங்கிய கோதுமை வயல்தான் இந்த மாதிரிச் சோதனைகளுக்கெல்லாம் மூத்தது. கோவைப் பாத்திகளைத் தொடங்கியவர்கள் யாரும் இன்றில்லை. முடிவைப் பார்க்கப்போகிறவர்களும் இன்னும் பிறக்கவில்லை. ரசாயன உரத்தால் மண் செத்துப்போச்சு என்று ஒருவரும், இல்லவே இல்லை என்று இன்னொருவரும் டீக்கடையில் சத்தம் போடும்போது, இரண்டு பேருக்கும் பதில் இருக்கும் இடம் இந்தப் பாத்திகள்தான். மூன்று வருசத்துக்குப் பணம் வாங்கி மூன்றாம் வருசம் அறிக்கை கொடுக்கும் இன்றைய திட்டங்களில் இப்படி ஒன்றை யாரும் புதிதாகத் தொடங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கரும்புக்கும் இதே பொறுமை. 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்ததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. வட இந்தியாவில் கரும்பு அதிகம் விளைந்தாலும் இங்கேதான் அது நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். பூக்காமல் கலப்பு செய்ய முடியாது. சார்லஸ் ஆல்பிரட் பார்பரும் தி. சு. வெங்கட்ராமனும், தடித்த இனிப்புக் கரும்பை நாணல் போன்ற காட்டுக் கரும்போடு சேர்த்தார்கள். சாறே இல்லாத புல்லோடு கரும்பைச் சேர்ப்பதா என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கும் குணம் அந்தப் புல்லிடம்தான் இருந்தது. 1918இல் வெளிவந்த கோ 205 அந்தக் கலப்பில் பிறந்தது, போனது பஞ்சாப் வயலுக்கு. இன்றும் நாட்டின் கரும்புக் காடுகளில் பரவலாக நிற்கும் ரகங்களின் பெயரில் முன்னால் வரும் 'கோ' கோயம்புத்தூரைக் குறிப்பது. ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு சொந்தச் சர்க்கரைக்கு மாறியதில் இந்த ரகங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அதைச் சொல்கிறவர்கள் 1932இல் இறக்குமதிச் சர்க்கரையைத் தடுக்க அரசு போட்ட காப்பு வரியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நல்ல கரும்பு மட்டும் இருந்து வரி இல்லாமலிருந்தால் ஆலைகள் அவ்வளவு வேகமாக முளைத்திருக்குமா என்பது தாவரவியல் கேள்வி அல்ல, பொருளாதார வரலாற்றுக் கேள்வி.

ஒரு ரகம் விவசாயி கைக்கு வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு வருசம் ஓடிவிடும். ஆயிரக்கணக்கில் நாற்று முளைக்கும், அநேகமாக எல்லாவற்றையும் கழித்துவிடுவார்கள். கழித்ததைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் 1930களில் இந்த நிலையத்தில்தான் கரும்பை மக்காச்சோளத்தோடுகூடச் சேர்த்துப் பார்த்தார். அதிலிருந்து ஆலைக்குப் போகும் கரும்பு வரவில்லை. ஆனால் செடிகளின் குரோமோசோம்களைப் பற்றி அவருக்குக் கிடைத்த அறிவு, பின்னால் லண்டனில் சிரில் டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் வெளியிட்ட குரோமோசோம் தொகுப்பு நூல் வரைக்கும் போயிற்று. பயன் எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் இதற்கு இன்னும் நல்ல உதாரணம் கிடைக்கும். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால் உண்டாகும் மியூவான் என்ற துகள்களை அங்கே ஓயாமல் எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஒரு இடிமேகம் கடந்தபோது எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. அந்தக் குறைவை வைத்துக் கணக்குப் போட்டதில் மேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது தெரியவந்தது. 2019இல் அது அறிவியல் இதழில் வெளியானது. மேகத்தைப் பார்க்கக் கட்டிய ஆய்வகம் அல்ல அது.

பொறியியல் ஆராய்ச்சியைக் கோவைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, பம்பும் மோட்டாரும் நூற்பாலையும் வீட்டுக்கு வீடு பேசுகிற விஷயம். ஒன்றை மட்டும் சொல்லலாம். அங்கே கேள்வி பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. நூல் ஏன் அறுகிறது, மின்செலவை எப்படிக் குறைப்பது என்று ஆலை கேட்கும். 1956இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாவது எல்லோரும் சிட்ரா என்று சொல்கிற நிறுவனம், உருவானதே ஆலைகள் சேர்ந்து கேட்கும் கேள்விகளுக்காக. விடை வேலை செய்தால் போதும், ஏன் வேலை செய்கிறது என்பது அடுத்த நாளைக்கு.

அறிவியலுக்கும் சமூகத்துக்கும் நடுவில் நிற்கும் துறை மனையியல். சமையல் படிப்பு என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவினாசிலிங்கம் கல்லூரி 1957இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஊட்டச்சத்து படித்து முனைவர் பட்டம் வாங்கி வந்த ராஜம்மாள் தேவதாஸ் அதை வளர்த்தெடுத்தார். ஒரு குழந்தையின் தட்டில் என்ன விழுகிறது, ஆறு மாதம் கழித்து அதன் எடை என்ன என்பது உயிர்வேதியியல். தட்டில் விழுந்ததை அந்தக் குழந்தை சாப்பிட்டதா, இல்லை தம்பிக்கு எடுத்து வைத்ததா என்பது சமூகவியல். இரண்டையும் ஒரே ஆள் கேட்க வேண்டியிருந்த துறை அது.

பணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வருவோம். கொங்கு நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. கரூரில் வங்கிகள் பிறந்தன, திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் லாரிக் கடன், ஈரோட்டில் மஞ்சள் மண்டி, திருப்பூரில் பனியன் ஏற்றுமதி. உலகத்துப் பொருளாதார நிபுணர்கள் தேடி வந்த ஊர் திருப்பூர்தான்.

2004ஆம் வருசம் திருப்பூரைப் பற்றி இரண்டு முக்கியமான ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று, பின்னால் 2019இல் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் எழுதிய கட்டுரை. இன்னொன்று, ஷரத் சாரி எழுதிய 'ஃபிரெடர்னல் கேபிடல்' என்ற நூல். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே வருசம். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டு வேறு கிரகத்து ஆட்கள் எழுதியது போலிருக்கும்.

பானர்ஜி-முன்ஷி எடுத்துக்கொண்ட கேள்வி இது: முதல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதா? சந்தை ஒழுங்காக வேலை செய்தால், யாரிடம் பணம் அதிகம் பெருகுமோ அவர் கைக்குத்தான் அதிகப் பணம் போக வேண்டும். பின்னலாடை ஏற்றுமதியாளர்களின் முதலீட்டையும் ஏற்றுமதியையும் வருச வாரியாகத் திரட்டினார்கள். உள்ளூர்க் கவுண்டர் முதலாளிகளையும் வெளியிலிருந்து தொழிலுக்கு வந்த மற்றவர்களையும் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் அதிக முதலோடு இறங்கியிருந்தார்கள். வெளியாட்கள் குறைந்த முதலோடு, குறைந்த ஏற்றுமதியோடு தொடங்கி, சில வருசங்களில் அவர்களை முந்தியிருந்தார்கள். அப்படியென்றால் பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, சொந்த பந்தத்தைத் தேடிப் போயிருக்கிறது. நிலத்திலிருந்து வந்த பணம் வெளியே போகத் தெரியாமல் சொந்தக்காரர் கம்பெனிக்குள் இறங்குகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். இதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு முதலாளியின் வாழ்க்கைக் கதைகூடத் தேவைப்படவில்லை. எண்கள் போதும்.

சாரிக்குத் தேவைப்பட்டது அந்தக் கதைகள்தான். புவியியலாளரான அவர் திருப்பூரில் தங்கி, முதலாளிகளிடமும் தொழிலாளர்களிடமும் மணிக்கணக்கில் பேசினார். ஏழைப் பண்ணைக் குடும்பத்துப் பையன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து முதலாளி ஆனது எப்படி? உழைப்பால் உயர்ந்தோம் என்று அவர்கள் சொன்னதை அவர் அப்படியே எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை, பொய் என்று தள்ளவும் இல்லை. யாருடைய உழைப்பு, யார் கொடுத்த கடன், மாமனார் வீட்டிலிருந்து வந்தது எவ்வளவு, அந்தக் கதையில் பெண்களும் மற்ற சாதித் தொழிலாளர்களும் எங்கே என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்.

எது சரி என்று கேட்டால் இரண்டும்தான். ஒருவர் கேட்டது பணம் எந்தப் பக்கம் போகிறது என்று. மற்றவர் கேட்டது பணத்தை வைத்திருக்கிறவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்று. முதல் கேள்வியை நூறு கம்பெனிக் கணக்கு இல்லாமல் கேட்க முடியாது. இரண்டாவதை நூறு கம்பெனியை வைத்துக் கேட்க முடியாது, நேரம் பத்தாது. என் சொந்த அபிப்பிராயத்தில், திருப்பூரைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் சாரியைப் படித்துவிட்டுக் கட்டுரைக்குப் போவது நல்லது. ஊர் தெரியாமல் எண்ணைப் படித்தால் எண் எதையும் சொல்லும்.

நிதித்துறைக்கு என்றே ஒரு விசித்திரமும் உண்டு. தன்னை ஒருவர் அளக்கிறார் என்று தெரிந்து உப்பு மாறிவிடாது. சந்தை மாறிவிடும். இந்த மாதத்தில் இந்தப் பங்கு ஏறுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்து வெளியிட்டால், அடுத்த வருசம் எல்லோரும் முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள், கண்டுபிடித்ததும் காணாமல் போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. 2007இல் டாலர் மதிப்பு நாற்பது ரூபாய்க்கும் கீழே இறங்கியபோது, ஏற்றுமதியாளர்கள் பலர் தற்காப்புக்கு என்று வங்கிகளிடம் அந்நியச் செலாவணி ஒப்பந்தங்கள் வாங்கினார்கள். வியாபாரம் டாலரில், ஒப்பந்தமோ யென்னையும் சுவிஸ் பிராங்கையும் நம்பி. திருப்பூரில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். கோவையைச் சேர்ந்த ஒரு சர்க்கரை நிறுவனம் தன் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், இது சூதாட்டம், செல்லாது என்றது. 2008இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தற்காப்பு எங்கே முடிகிறது, பந்தயம் எங்கே தொடங்குகிறது என்பது இன்றும் நிதி ஆராய்ச்சியில் உயிருள்ள கேள்வி.

இவ்வளவு நல்ல கேள்விகள் வாசலில் கிடக்க, நம் வணிகவியல் துறைகளில் பாதி ஆய்வேடுகள் 'வாடிக்கையாளர் மனநிறைவு: கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு ஓர் ஆய்வு' என்ற ஒரே அச்சில் வருவது வருத்தம்தான். ஐந்நூறு பேரிடம் படிவம் கொடுத்து, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு, சராசரி போட்டு முடித்துவிடுகிறார்கள். விடை தெரிந்த கேள்வியை வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல புள்ளியியல் போட்டாலும் அது ஆராய்ச்சி ஆகாது.

இனி, "அதுல என்னத்தக் கண்ணு ஆராய்ச்சி" என்ற இடத்துக்கு. 1960களில் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் மாணவி காங்கயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையம் என்ற கிராமத்தில் வந்து தங்கினார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் எந்தச் சீர் கொண்டுவருகிறார், எந்தக் கோயில் எந்தக் கூட்டத்துக்குச் சொந்தம், யார் யார் வீட்டில் கை நனைப்பார்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஊருக்கு அது வெட்டி வேலையாகப் பட்டிருக்கும். அதிலிருந்து 1972இல் 'பெசன்ட் சொசைட்டி இன் கொங்கு' என்ற நூல் வந்தது. உடுக்கை அடித்துப் பாடிய அண்ணன்மார் கதையையும் அவர் 1965இல் ஒலிநாடாவில் பதிவு செய்தார். பல இரவுகள் நீளும் அந்தக் கதை பின்னால் தமிழும் ஆங்கிலமுமாக அச்சேறியது. பாடியவர்களின் தலைமுறை போய்விட்டது, நாடா இருக்கிறது. இங்கே சான்று என்பது நம்பிக்கையின் பேரில் கிடைப்பது. உப்பு மீட்டரை யாரும் நம்ப வேண்டியதில்லை, ஆனால் தன் வீட்டுக்குள் விட்டு நடப்பைச் சொல்ல ஒருவர் இன்னொருவரை நம்பியாக வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், சில சமயம் வருசங்கள்.

ஈரோட்டுப் புலவர் செ. இராசுவின் வேலை வேறு மாதிரி. அவர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறையில் இருந்தவர். கொங்கு நாட்டில் கோயில் சுவரிலும் வீட்டுப் பெட்டிக்குள்ளும் கிடந்த கல்வெட்டு, செப்பேடு, ஓலைப்பட்டயம் எல்லாவற்றையும் தேடிப் படியெடுத்துப் பதிப்பித்தார். பழைய ஏட்டில் ஒரு எழுத்து மங்கியிருந்தால் அந்த இடத்தில் ஒரு ஊரின் பெயரே மாறலாம், ஒரு குளத்தின் உரிமையே மாறலாம். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். இந்தப் பக்கத்துப் பண்ணையமும் பட்டியும் ஏற்றமும் வழக்கத்திலிருந்து போகும்போது அவற்றோடு போய்விடும் சொற்களை யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டியிருந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது கலைக்களஞ்சியம். தி. சு. அவினாசிலிங்கம் முன்னின்று 1946இல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், ஈரோட்டுப் பக்கத்துக்காரரான பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராக வைத்து அந்த வேலையில் இறங்கியது. முதல் தொகுதி 1954இல், பத்தாவது 1968இல். இயற்பியல், தாவரவியல், சட்டம், இசை என்று எல்லாத் துறையையும் தமிழில் எழுத வைத்தார்கள். எழுதுவதற்குச் சொல்லே இல்லாத இடங்களில் சொல்லையும் செய்துகொண்டார்கள். மேலே சொன்ன துறைகள் அத்தனையும் ஒரே அலமாரியில், தமிழில், முதல் முறையாக அடுக்கியது ஆசிரியரும் கவிஞருமான தூரன் என்பதை அறிவியல்காரர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட வேலைகளை இன்று எதை வைத்து மதிப்பிடுகிறார்கள்? 2016 முதல் மத்திய அரசு வருசா வருசம் கல்வி நிறுவனங்களுக்குத் தரவரிசை வெளியிடுகிறது. பல்கலைக்கழகம் என்றால் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் ஆராய்ச்சிக்கு. எத்தனை கட்டுரை, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், எத்தனை காப்புரிமை, எவ்வளவு நிதி என்பவை கணக்கு. கட்டுரைகளை எண்ணுவது ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற பன்னாட்டுப் பட்டியல்களிலிருந்து. தமிழில் வரும் ஆய்விதழ்கள் அவற்றில் அநேகமாக இல்லை. செப்பேட்டைப் பதிப்பித்தவருக்கு இந்தக் கணக்கில் கிடைப்பது சைபர். பருத்தித் தூசியில் நானோ துகள் செய்து ஆறு மாதத்தில் நாலு கட்டுரை போட்டவருக்கு நாலு. நானோ துகள்காரரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, அவர் துறையின் வழக்கம் அது. 1909இல் போட்ட உரப் பாத்தியைக்கூட இந்தக் கோலால் அளந்தால் முதல் இருபது வருசத்துக்கு அது தோல்விதான். எல்லாத் துறைக்கும் ஒரே கோலை நீட்டுவது சோம்பேறித்தனம் என்பதுதான் என் கருத்து, அதைச் செய்கிறவர்கள் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும்.

வாசகருக்கு இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. செய்தித்தாளில் 'ஆய்வில் தகவல்' என்று வரும்போது துறையைப் பார்த்துக் கேள்வியை மாற்றிக் கேட்கலாம். புது ரகம் ஏக்கருக்கு இவ்வளவு விளைந்தது என்றால், எத்தனை போகம், எத்தனை இடம், யாருடைய தோட்டம் என்று கேளுங்கள். ஆராய்ச்சிப் பண்ணையில் விளைந்தது பல்லடத்து மானாவாரியில் விளையும் என்று உறுதியில்லை. மருந்து, சத்துணவு என்றால், கொடுக்காத ஆட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்பது முதல் கேள்வி. நிதி என்றால், எந்த வருசத்துக் கணக்கு, சந்தை ஏறிய காலமா இறங்கிய காலமா? வரலாறு என்றால், மூல ஆவணம் எங்கே இருக்கிறது, வேறு யாரும் போய்ப் படிக்க முடியுமா? "எங்கள் ஊர் ஐயாயிரம் வருசம் பழமையானது" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் இந்த ஒரு கேள்வியிலேயே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். படிவம் கொடுத்து எடுத்த கருத்துக்கணிப்பு என்றால், யாரிடம் கொடுத்தார்கள் என்பதைவிட யாரிடம் கொடுக்கவில்லை என்பது முக்கியம்.

ஆய்வேட்டையே படித்துப் பார்க்க விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஏற்றி வைக்கின்றன. கட்டணம் கிடையாது. பாரதியார் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளும் அதில் உண்டு, தமிழில் எழுதியவையும் உண்டு. உங்கள் ஊர்ப் பெயரையோ, தொழிலின் பெயரையோ போட்டுத் தேடிப் பாருங்கள். முதல் அதிகாரத்தை விட்டுவிடலாம், அது பெரும்பாலும் நெறியாளருக்காக எழுதுவது. தரவு எப்படித் திரட்டினார்கள் என்ற அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தையும் படித்தால் ஆய்வின் தரம் தெரிந்துவிடும். இன்னொன்று: முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு இங்கே பொது நிகழ்ச்சி. துறையின் அறிவிப்புப் பலகையில் தேதி போட்டிருப்பார்கள். வெளியாள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். தேர்வாளர்கள் முடித்த பிறகு, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்பார்கள். அப்போது கையைத் தூக்கலாம்.